வெற்றிடங்கள் முதலில்

ஏழாம் பதிப்பு வரை வெற்றிடங்கள் முதலில் வந்தன.
யாரும் தீர்மானித்ததல்ல.
பதினோரு வருடம் முன்பு, தார்த்துவில், ஒரு பிப்ரவரி இரவு
ஊர்மாஸ் ஒப்பீட்டுக் குறியைத் திருப்பிப் போட்டுவிட்டான்.
பிறகு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான்.
குறி அப்படியே கிடந்தது.

எட்டாம் பதிப்பில் நான் அதைச் சரிசெய்தேன்.
மாற்றக் குறிப்பில் நாற்பத்தோராம் வரி:
வரிசைப்படுத்தும்போது மதிப்பில்லாதவை இனிக் கடைசியில்.
அதற்கு மேலே நாற்பது வரிகள்.
இணைப்புகள் வேகமாகத் திறக்கும்,
பழைய தேதி வடிவம் ஒழிந்தது,
மூன்று செயற்கூறுகளுக்கு ஓய்வு.
சோதனைகள் இரண்டாயிரத்து நூறு, அத்தனையும் பச்சை.
வெளியிட்ட அன்று எமயோகி ஆற்றில் பனி உடைந்துகொண்டிருந்தது.
ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினேன்.

ஜூலையில் ஒரு மடல்.
நார்வேயின் வட கோடி, ஒரு தீவு,
மான் மேய்க்கும் எல்லே ரிஸ்டென்.

"உங்கள் நூலகத்தை நான் பார்த்ததில்லை.
தங்கை மகன் எழுதித் தந்த சின்ன நிரலுக்குள்
அது இருக்கிறதாம்.
எங்கள் கன்றுகள் பட்டியலில் இல்லை.

"கன்றைப் பிடித்துக் கழுத்தில் எண் மாட்டுவோம்.
விட்டுவிட்டு வேலிக்கு வெளியே காத்திருப்போம்.
நடுநிசி, வெயில்.
இருநூற்றுப் பன்னிரண்டு எந்தத் தாயின் பின்னால் போகிறது?
அந்தத் தாயின் காதில் யார் வெட்டோ
கன்று அவருடையது.
தெரியும் வரை உரிமையாளர் கட்டம் காலி.
காலியானவை மேலே வரும்.
முதல் தாளை மட்டும் அச்சிட்டு வேலியில் குத்துவோம்.
அந்தத் தாள்தான் எங்கள் வேலை.

"இந்த முறை முதல் தாள் முழுக்க அந்தேயின் கன்றுகள்,
எல்லாம் தெரிந்தவை.
முடிந்தது என்று காப்பி போட்டோம்.
ஏழாம் தாளை யார் பார்த்தார்கள்?
கழுத்தில் எண், காதில் வெட்டு இல்லை,
பத்தொன்பது கன்றுகள் மலையேறிவிட்டன."

பதில் தட்டினேன்:
நாற்பத்தோராம் வரியைப் பாருங்கள்.
அழித்தேன்.
தட்டினேன்:
நீங்கள் நம்பியிருந்தது ஒரு பிழையை.
அதையும்.

யூசெப் சொன்னான், தரநிலை நம் பக்கம்.
உண்மைதான்.
பழையபடி ஆக்கினால் ரீகாவில் இருக்கும் மருந்துக் கிடங்கு
நாளைக் காலையே சண்டைக்கு வரும்,
அவர்கள் புது வரிசைக்கு ஏற்கெனவே பழகியாயிற்று.
அதுவும் உண்மைதான்.
ஆனால் கோணலாய்க் கிடந்த கல்லை
ஒருத்தி படியென்று மிதித்துப் பழகியிருந்தாள்.
நான் கல்லை நேராக்கினேன்.
அவள் கால் எங்கே இருந்தது என்று கேட்கவில்லை.

பெயர் தெரியாதவர்களுக்கு முதல் பந்தி.
யோசித்துச் செய்திருந்தால் நல்ல விதிதான் அது.
ஊர்மாஸ் யோசித்துச் செய்யவில்லை.
யோசித்து நான் கெடுத்தேன்.

மறுநாள் எட்டுக்கு ஒரு திருத்தம் போட்டேன்.
புதியது புதியதாகவே இருக்கும்;
வேண்டுவோருக்கு ஒரு சுவிட்ச்,
வெற்றிடங்கள் முதலில்.
குறிப்பில் அதை நாற்பத்திரண்டாவதாக எழுதவில்லை.
எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில்:
உங்கள் முதல் தாளை ஒருமுறை பாருங்கள்.
யூசெப், "தாளா? இதென்ன பாஷை?" என்றான்.
விட்டுவிடு என்றேன்.

ஆகஸ்டில் அவள் எழுதினாள்.
சுவிட்ச் வேலை செய்கிறது.
பதினாறு கன்றுகள் கிடைத்துவிட்டன,
இன்னும் தாயின் பின்னால்தான் திரிந்தன.
மூன்றைக் காணோம்.
இலையுதிர்காலத்தில் அகப்படலாம்.
அதற்குள் தாயை விட்டுப் பிரிந்திருக்கும்.
பிறகு யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாயிரத்து நூற்றோராவது சோதனையை அன்றிரவு எழுதினேன்.
உரிமையாளர் கட்டம் காலியாகச் சில வரிசைகள்;
அவை முதலில் வர வேண்டும், அவ்வளவுதான்.
முதலில் பதினாறு வரிசை வைத்தேன்.
ஓடியது, பச்சை.
கொஞ்ச நேரம் கழித்து
இன்னும் மூன்றைச் சேர்த்தேன்.